காங்கேயத்துக்கு ஒரு வண்டி, கோவைக்கு ஒரு வண்டி: ஜிஎல்சி, எக்ஸ் 3, க்யூ 5, எக்ஸ்சி 60

எங்கள் பெரிய மாமாவுக்குக் காங்கேயத்தில் அரிசி மில். வீட்டில் ஓடுவது 2,40,000 கிலோமீட்டர் தாண்டிய இன்னோவா க்ரிஸ்டா. போன ஐப்பசியில் ஒரு நாள் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, அத்தைக்கு முழங்கால் முடியறதில்லீங்க. நானும் இன்னும் நாலஞ்சு வருசந்தான் இப்படி ஓட முடியும். நல்ல வண்டியா ஒண்ணு எடுத்துப் போடலாம்னு இருக்கேன். ரோட்டுக்கு வர்றப்ப ஒரு கோடியத் தாண்டக் கூடாது. நீங்க நாலு பேரக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அதே சமயம் கோவையில் டாக்டராக இருக்கும் என் தங்கையும் பழைய காரை மாற்ற நினைத்துக்கொண்டிருந்தாள். பணம் ஏறக்குறைய அதேதான், பார்க்க வேண்டிய சொகுசு எஸ்யூவிகளும் அதே நாலுதான். மெர்சிடீஸ் ஜிஎல்சி, பிஎம்டபிள்யூ எக்ஸ் 3, ஆடி க்யூ 5, வால்வோ எக்ஸ்சி 60. இரண்டு மாதம் அலைந்து பார்த்ததில் இரண்டு பேருக்கும் வேறு வேறு வண்டிதான் சரிப்பட்டது. ஏன் அப்படி ஆனது என்பதை எழுதி வைத்தால் இதே யோசனையில் இருக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு உதவும்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம், அதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜிஎல்சி 2023 ஆகஸ்டில் 73.5 லட்சத்திலும், புதிய எக்ஸ் 3 2025 ஜனவரியில் 75.8 லட்சத்திலும், மாற்றம் செய்த எக்ஸ்சி 60 2025 ஆகஸ்டில் 71.9 லட்சத்திலும் வந்தன. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிகளுக்கு இருந்த 28 சதவீத ஜிஎஸ்டியும் 22 சதவீத செஸ்ஸும் போய், மொத்தமே 40 சதவீதம் ஆனது. விலை சில லட்சம் இறங்கியது. ஆனால் நம் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஷோரூம் விலை 75 லட்சம் என்றால் வரி மட்டுமே 15 லட்சம். காப்பீடு, வருமான வரிக்காக ஷோரூமில் பிடிப்பது எல்லாம் சேர்த்தால் 94, 95 லட்சத்தில் வந்து நிற்கும். மாமா போட்ட கோட்டுக்குள் நாலுமே அடங்கின.

மில் பேரில் எடுத்தால் என்ன லாபம் என்று ஆடிட்டரிடம் கேட்டோம். கட்டிய ஜிஎஸ்டியை இந்த மாதிரிக் காருக்குத் திரும்ப எடுக்க முடியாது. வருமான வரியில் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். திருப்பூர் பக்கம் கம்பெனி பேரில் எடுப்பவர்கள் செப்டம்பருக்குள் எடுக்கப் பார்ப்பது இதனால்தான். நாங்கள் ஐப்பசியில் ஆரம்பித்ததால் அந்தப் பேச்சே இல்லை.

அப்புறம் நேரே ஷோரூமுக்குப் போகவில்லை. ஏற்கெனவே இந்த ரக வண்டி வைத்திருப்பவர்களைத் தேடிப் போனோம். திருப்பூரில் இரண்டு பனியன் கம்பெனிக்காரர்கள், ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி, பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர், கோபியில் ஒரு பல் டாக்டர். ஒருவர்கூடக் குதிரைசக்தியைப் பற்றிப் பேசவில்லை. டயர், சர்வீஸுக்குப் போன வண்டி திரும்ப எத்தனை நாள் ஆனது, பின் சீட் எப்படி. சுற்றிச் சுற்றி இந்த மூன்றில்தான் பேச்சு நின்றது.

டயர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரர் ஒருவர் தாராபுரம் ரோட்டில் இரவு பத்து மணிக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். எதிர் வண்டியின் வெளிச்சத்தில் பாலத்தை ஒட்டியிருந்த குழி தெரியவில்லை. இடது முன் சக்கரம் இறங்கி ஏறியது. அவருடைய வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. காற்றில்லாமலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும் என்று சொல்லப்படும் ரன்ஃப்ளாட் டயர்தான். ஆணி குத்தினால் அது காப்பாற்றும். இது பக்கச்சுவர் கிழிந்த கதை. மூன்று மணி நேரம் குடும்பத்தோடு ரோட்டோரம் நின்று, லாரியில் ஏற்றித்தான் வண்டி போனது. அந்த அளவு டயர் திருப்பூரில் இல்லை, வெளியூரிலிருந்து வரவழைக்க நாலு நாள். பழைய டயரை அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னும் வைத்திருக்கிறார். நான் விரலை விட்டுப் பார்த்தேன். தரையில் படும் ரப்பர் புதுசு போல இருக்கிறது, பக்கவாட்டில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு வாய் பிளந்து உள்ளே நூல் தெரிகிறது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த ரப்பரின் உயரம் அவ்வளவு குறைவு.

அன்றிலிருந்து நான் எந்த வண்டிக்குப் போனாலும் முதலில் குனிந்து டயரில் உள்ள எழுத்தைப் படிப்பேன். 235/55 ஆர் 19 என்று இருந்தால், அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ஆக 129 மில்லிமீட்டர். மாமாவின் இன்னோவாவில் இருப்பது 205/65 ஆர் 16, அதற்குக் கணக்குப் போட்டால் 133. கிட்டத்தட்ட அதே உயரம், எனவே நம் ஊர்க் குழிகளுக்குப் பழகிய அளவு. ஜிஎல்சியும் எக்ஸ்சி 60-யும் வருவது இந்த 235/55 அளவில்தான். அதுவே 255/45 ஆர் 20 என்று போனால் உயரம் 115-க்கு இறங்கிவிடும். பார்க்க எடுப்பாக இருக்கும், விற்பவரும் மேல் ரகத்தையே காட்டுவார். பெரிய ரிம்முக்காகக் கூடுதல் பணம் கொடுத்துத் தாராபுரம் ரோட்டில் போய் நிற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டெப்னி உண்டா, உண்டென்றால் டிக்கியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதையும் டிக்கியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது டீசலா பெட்ரோலா. மாமா தினமும் திருப்பூர் போய்வருவார், வாரம் ஒரு முறை கோவை, மாதம் ஒரு முறை சென்னையோ பெங்களூரோ. வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர் சுலபமாக ஓடும். டீசல் லிட்டர் 93 ரூபாய், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்று வைத்தால் வருஷத்துக்கு இரண்டு லட்சம். பெட்ரோல் 101 ரூபாய், ஒன்பதரை கிலோமீட்டர் என்றால் 3,19,000. கோடி ரூபாய் வண்டி எடுப்பவருக்கு இந்த 1,20,000 ஒரு கணக்கா என்று கேட்கலாம். மாமா நெல் மூட்டைக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசி மில் நடத்துபவர். அவருக்கு அது கணக்குத்தான், எனக்கும் சரியென்றே பட்டது. ஆடி 2020-லிருந்து இந்தியாவில் டீசலே விற்பதில்லை. எக்ஸ்சி 60-யும் இப்போது பெட்ரோல் மட்டும்தான். ஆக மாமாவுக்கு மிஞ்சியது ஜிஎல்சி 220டியும் எக்ஸ் 3 20டியும்.

தங்கைக்குக் கதையே வேறு. சாயிபாபா காலனியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அவினாசி ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் வந்த பிறகு அது இன்னும் சீக்கிரமாக முடிந்துவிடுகிறது. இப்போதைய டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள வண்டி நிற்காமல், ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். தினமும் பத்து, பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடும் வண்டியில் கரி அடைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கு எரியும். கோபி டாக்டர் வீட்டிலும் இதேதான் நடந்தது. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும் ஓட்டிவிட்டு, விளக்கு எரிந்தபோதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலம் வரை ஓட்டி வருவாராம். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் மைலேஜைப் பார்த்து டீசல் எடுக்காதீர்கள்.

டீசல் எடுப்பவர்களுக்கு இன்னொரு வேலை ஆட்ப்ளூ. டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றுவது. லாரிக்காரர்கள் யூரியா என்று சொல்வதுதான், 32.5 சதவீத யூரியா கரைசல். அது சுத்தமாகத் தீர்ந்த பிறகு எஞ்சினை அணைத்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்கள், புதிய புகை விதியான பிஎஸ் 6-படி லாரிகள் வந்த பிறகு ஹைவே பங்க்குகளில் 20 லிட்டர் பக்கெட் சர்வ சாதாரணமாகக் கிடைக்கிறது. சீல் உடையாததாக வாங்க வேண்டும், திறந்து வைத்த பக்கெட்டில் தூசி விழுந்திருந்தால் கரைசலைச் செலுத்தும் பம்ப்பை மாற்ற ஆகும் செலவு வயிற்றைக் கலக்கும்.

இனி வண்டிகள். ஒரு சனிக்கிழமை மாமா, அத்தை, இருபது வருஷமாக வீட்டில் வண்டி ஓட்டும் டிரைவர் அண்ணன், நான் என்று நாலு பேரும் கோவை போனோம். தங்கை அங்கே வந்து சேர்ந்துகொண்டாள். பேப்பரில் பார்த்தால் ஜிஎல்சியும் எக்ஸ் 3-யும் அண்ணன் தம்பி. இரண்டிலும் 2.0 லிட்டர் டீசல், இரண்டிலும் 197 குதிரைசக்தி. இழுவிசை ஜிஎல்சிக்கு 440 நியூட்டன் மீட்டர், எக்ஸ் 3-க்கு 400. ஒன்றில் ஒன்பது கியர், மற்றதில் எட்டு. ஓட்டிப் பார்த்தால் குணம் வேறு.

எக்ஸ் 3-யின் ஸ்டீயரிங் கையில் பேசும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் தயங்காமல் பாயும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுபவர்களும், திம்பம் 27 வளைவில் சாம்ராஜ்நகர் போய்வருபவர்களும் இதைத்தான் கேட்பார்கள், கேட்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி தன் எக்ஸ் 3-யைப் பற்றிப் பேசும்போது முகமே மலர்ந்துவிட்டது. மைசூருக்குத் தானே ஓட்டிப் போவாராம், டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனால் பாதி சந்தோஷம் போய்விடுமாம். ஆனால் மாமா ஓட்டுவது கிடையாது. பின்னால் இடது பக்கம் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டே வருவார். அந்த சீட்டில் உட்கார்ந்து நீலாம்பூர் தாண்டி ஊர் ரோட்டுக்குள் ஒரு சுற்று வந்தபோது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஜிஎல்சி கொஞ்சம் மெத்தையாக விழுந்தது. வேகம் கூடினால் லேசாக மிதப்பதும் ஜிஎல்சிதான். எழுபது, எண்பதில் போகச் சொல்லும் மனுஷருக்கு அது பொருட்டல்ல.

அத்தையின் முழங்காலை வைத்து நாங்கள் செய்த சோதனையை எல்லோரும் செய்யலாம். வண்டியை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, யாரும் கை கொடுக்காமல் மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னோம். இன்னோவாவில் அத்தை மேல் கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் தூக்கித்தான் ஏறுவார். இந்த நாலிலும் இடுப்பு உயரத்தில் சீட் இருப்பதால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு அகலமாக இருந்தால் சேலைக் கரை அதில் உரசி மண்ணாகிவிடும். ஓர் இடத்தில் கூடுதலாக ஃபுட்போர்டு மாட்டித் தருகிறோம் என்றார்கள். அத்தை ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் கண்ணு, காலு இன்னும் எட்டப் போகுது" என்று சொல்லிவிட்டார். உண்மைதான். ஏறுவதற்கு உதவுவது இறங்கும்போது தாண்ட வேண்டிய ஒன்றாகிவிடுகிறது.

முன் சீட் என்று பார்த்தால் எக்ஸ்சி 60-க்கு ஈடு இல்லை. முதுகையும் தொடையையும் அது தாங்குகிற விதம் தனி. எட்டு மணி நேரம் நின்று ஆபரேஷன் செய்துவிட்டு வருகிற தங்கை அதில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் முதலில் காரில் பொருத்தியதும், அந்த உரிமத்தை எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டதும் வால்வோதான். 2020-லிருந்து அவர்கள் வண்டி எதுவும் 180 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. இரவு இரண்டு மணிக்கு அவசரக் கேஸ் என்று தனியாகக் கிளம்பும் பெண்ணுக்கு இந்த அக்கறை பெரிதாகப் படுவதில் வியப்பில்லை. 250 குதிரைசக்தி இருந்தும் அது அவசரப்படுத்தாமல் ஓடும் வண்டி.

க்யூ 5-யை நாங்கள் குறைவாகத்தான் ஓட்டினோம். நாங்கள் பார்த்ததில் ஏசிக்குத் திருகும் குமிழ்கள் இருந்தன, மற்றவற்றில் திரையைத் தட்ட வேண்டும். வயதானவர் தானே ஓட்டுவதானால் இது பெரிய வசதி. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் கொண்டுபோய்க் குளிரைக் குறைக்கலாம். சொந்தமாக ஓட்டும் பெரியவர், பெட்ரோல் போதும் என்றால் தயங்காமல் அதைப் பார்க்கலாம்.

நாலுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பின் சீட்டின் நடுவில் தரை மேடாக எழும்பியிருக்கும். ஐந்து பேர் என்று கம்பெனி சொன்னாலும் பெரியவர்கள் நாலு பேர்தான் நிம்மதியாகப் போகலாம். குலதெய்வக் கோயிலுக்கு எட்டுப் பேர் கிளம்பும் வீட்டில் இது மட்டும் போதாது. அதனால் மாமாவிடம் நான் சொன்ன முதல் விஷயம், இன்னோவாவை விற்க வேண்டாம் என்பதுதான். பழைய வண்டிக்குக் கிடைக்கும் ஏழெட்டு லட்சத்தை இதில் கழித்துக்கொள்ளலாம் என்று ஷோரூமில் சொல்வார்கள். பொருள் ஏற்ற, கூட்டமாகப் போக, புது வண்டி சர்வீஸில் நிற்கும் நாட்களில் கைக்கு இருக்க, அந்த இன்னோவா அதைவிட மதிப்புள்ளது.

சர்வீஸ் என்றதும் பொள்ளாச்சிச் சொந்தக்காரரின் அனுபவம். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை, எதற்கும் நடக்கக்கூடியது. கொப்பரை குடோனை ஒட்டிய ஷெட்டில் வண்டி நிற்கும். ஒரு வாரம் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். எலி புகுந்து பானட்டுக்குள் ஒயரைக் கடித்துவிட்டது. இன்னோவா, பொலேரோ என்றால் உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒட்டுப் போட்டு மாலையில் கொடுத்துவிடுவார். இதில் அந்த ஒயர்த் தொகுப்பையே முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். கோவைக்கு லாரியில் போய், பாகம் வந்து, வண்டி திரும்ப 11 நாள். காப்பீட்டில் எலி கடிக்குப் பணம் உண்டா இல்லையா என்று அப்புறம்தான் பாலிசியைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர் காப்பீடு மட்டும் போட்டால் போதாது. தண்ணீர் புகுந்தால் எஞ்சினுக்கு, டயர் கிழிந்தால் டயருக்கு, எலி கடித்தால் ஒயருக்கு என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காங்கேயத்திலிருந்து சர்வீஸுக்குப் போக எழுபது கிலோமீட்டர். ஆள் வந்து எடுத்துப் போவார்களா, எத்தனை கிலோமீட்டர் வரை, அதற்குத் தனியாகப் பணமா என்பதும் பேரத்தின்போதே முடிவாக வேண்டியவை.

எல்லாம் பேசி முடித்து, மாமாவுக்கு ஜிஎல்சி 220டி என்று உறுதியானது. ஒரு வேளை அவரே ஓட்டுபவராக இருந்திருந்தால் எக்ஸ் 3 எடுக்கச் சொல்லியிருப்பேன். டிக்கி ஜிஎல்சிக்கு 620 லிட்டர், எக்ஸ் 3-க்கு 570 என்று நான் சொன்னபோது, "25 கிலோ சிப்பம் எத்தனை போடலாம்?" என்று மாமா கேட்டார். வியாபாரிகளுக்குச் சாம்பிள் எடுத்துப் போக மூன்று போதும், அது இரண்டிலும் தாராளமாகப் போகும். தங்கை எக்ஸ்சி 60-க்குப் பணம் கட்டிவிட்டாள்.

வண்டி வருவதற்குள் செய்ய வேண்டிய வேலைகள் சில இருந்தன. டிரைவர் அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது, இந்த வண்டியோ எச்சரிக்கையெல்லாம் எழுத்தில் காட்டும். அதனால் கையேட்டில் உள்ள விளக்குகளின் படங்களை அவருடைய போனில் ஏற்றி, எது எரிந்தால் உடனே நிறுத்துவது, எது எரிந்தால் ஓட்டிக்கொண்டே கூப்பிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் என் குரலில் தமிழில் பதிவு செய்து கொடுத்தேன். அவர் அதைத் தினமும் டீ குடிக்கும்போது கேட்கிறார். ஷெட்டைச் சுற்றிப் பொடிக்கண் கம்பி வலை அடித்து, பக்கத்தில் கிடந்த தவிட்டு மூட்டைகளை மறுகோடிக்கு மாற்றியாயிற்று. தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கிளுவைக் கிளைகளைப் போன வாரம் வெட்டிவிட்டோம். இன்னோவாவின் இரண்டு பக்கக் கதவிலும் அந்தக் கிளைகள் போட்ட கோடுகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை டெலிவரி, அங்கிருந்து நேரே சிவன்மலைக்கு. அத்தை பின்னால் வலது பக்கம், மாமா இடது பக்கம். மற்றவர்கள் இன்னோவாவில் பின்னால் வருகிறோம்.